உங்களுக்குத் தெரியுமா? தீவில் ஓர் இரவு நடை

மழைக்காட்டுக்குள் வழிகாட்டியோடு நடந்து, அங்கேயே இரவு தங்கித் திரும்பும் பயணங்களுக்கு இப்போது உலகமெங்கும் நல்ல கிராக்கி. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் மழையும் கொஞ்சம், காடும் கொஞ்சம். ஆனாலும் நெடுந்தீவில் பின்னேர லோஞ்சைப் போகவிட்டு, ஊர் தெரிந்த ஒருவரை முன்னே விட்டு நடந்து பாருங்கள். அந்த நடைக்கு உதவும் சில தகவல்கள் இங்கே. ஊர்காவற்றுறை, நயினாதீவுத் தகவல்களும் இடையிடையே வரும்.

● சிங்கராஜ வனத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு அது. யாழ்ப்பாணப் பகுதிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் தீவுகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

● நெடுந்தீவுக்குப் பாலம் கிடையாது. பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும், அங்கிருந்து வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்கும் தரைவழியே வரலாம். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையோடு தரை முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரத் தொலைவு. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும்.

● இந்தக் கடலை மனிதர் நடந்தே கடந்திருக்க முடியும். பாக்கு நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீற்றரைத் தாண்டாது. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது உலகக் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. நெடுந்தீவும் இராமேசுவரமும் அப்போது ஒரே நிலத்தின் மேட்டுப் பகுதிகள். லோஞ்சில் தலைசுற்றி உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தகவல் ஆறுதல் தராது என்பது வேறு விஷயம்.

● தலைசுற்றுக்குக் காரணம் பெரும்பாலும் சோளகம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று அது. கடும் சோளகத்தில் லோஞ்ச் ஓடாத நாட்களும் உண்டு. ஓர் இரவுக்கென்று போனவர் மூன்று இரவு தங்கவேண்டி வந்தால் தீவுக்காரர் யாரும் வியப்படைய மாட்டார்கள். வாடைக்காற்று தணியும் தை கடைசியிலிருந்து பங்குனி வரையான காலம்தான் நடப்பதற்கு நல்லது. புல் கொஞ்சம் பச்சையாக இருக்கும், கேணிகளிலும் தண்ணீர் கிடக்கும்.

● ‘குமுதினி’ என்ற படகின் பெயர் நெடுந்தீவில் எல்லோருக்கும் தெரியும். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே நடுக்கடலில் அந்தப் படகு மறிக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டார்கள். லோஞ்ச் கரைசேரும் மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவிடம் உண்டு. தீவில் இறங்கியதும் படமெடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

● நெடுந்தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். நீளம் எட்டு, அகலம் ஆறு கிலோமீற்றர் அளவில் இருக்கும். கணக்குப்படி ஒரு பகலில் குறுக்கே நடந்துவிடலாம். வெயில் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. நிழல் தரும் மரம் எங்கே, கிணறு எங்கே என்று தெரியாமல் காலை பத்து மணிக்குப் பிறகு வெளியில் இறங்குவது முட்டாள்தனம். பின்னேரம் நான்கு மணிக்குப் புறப்பட்டு, இருட்டிய பின்னும் நடந்து, விடியும் முன் மறுபடி கிளம்புவதே தோது. நடக்க முடியாதவர்களுக்குச் சைக்கிள், ஓட்டோ, ‘லான்ட்மாஸ்டர்’ என்று ஊரில் சொல்லும் இருசில்லு உழவு இயந்திரம் எல்லாம் இருக்கின்றன. லான்ட்மாஸ்டரில் போவதைவிட நடப்பது இடுப்புக்கு நல்லது.

● தீவின் ஒழுங்கைகளில் இருபக்கமும் இடுப்பளவுக்கும் சில இடங்களில் நெஞ்சளவுக்கும் கல்வேலிகள் வரும். சுண்ணாம்போ சீமெந்தோ மண்ணோ எதுவும் வைக்காமல், முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே எழுப்பியவை. காணியைத் துப்புரவாக்கும்போது கிளம்பும் கல்லைக் கொட்ட இடம் வேண்டும். ஆடு மாடு புகாமல் மறிப்பும் வேண்டும். ஒரே வேலையில் இரண்டும் முடிந்தன. காற்று கல் இடுக்குகளால் புகுந்து போய்விடுவதால் சோளகத்துக்கும் வேலி விழுவதில்லை. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பழைய பவளத்தின் நட்சத்திரக் கண்கள் தெரியும். ஒரு காலத்தில் கடலடியில் உயிரோடு இருந்த பூச்சிகளின் வீடு, இப்போது யாரோ ஒருவருடைய காணி எல்லை. அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைக் கண்டால் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வரும். சரிந்த கல்லைத் திரும்ப அடுக்குவது எவ்வளவு வேலை என்று அவர்களுக்குத் தெரியும்.

● ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். வேலணை லைடன், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம் என்று ஆயின. வரைபடத்திலிருந்து மக்கள் வாய்க்கு வந்து இன்றும் புழங்குவது நெடுந்தீவின் ‘டெல்ஃப்ட்’ ஒன்றுதான். போர்த்துக்கேயர் அதே தீவைப் பசுத்தீவு என்றார்கள். அந்த அளவுக்கு மாடுகள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

● நாற்புறமும் உப்புக்கடல் சூழ்ந்த தீவில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது? இந்தத் தீவுகளின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லின் துளைகள் வழியே இறங்கி, ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் போய் உட்காருகிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருப்பதால் அதை நன்னீர் வில்லை என்கிறார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதையே திருப்பிப் போட்டால், இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் குறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் நாற்பது சாண் மேலே ஏறும். மின்பம்பு வைத்த கிணறு உவராகிப் போவதும், பக்கத்து வீட்டில் வாளியால் அள்ளிய கிணறு இனிப்பதும் இதனால்தான். முதியவர்கள் ‘கிணத்தை அடியோட இறைக்காதை’ என்று சொன்னதில் முழுப் பௌதிகமும் அடங்கிவிட்டது.

● இந்தக் கணக்கை எழுதிவைத்தவர் ஓர் ஒல்லாந்துக்காரர், பாடன் கைபன். காலம் 1880களின் இறுதி. ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901இல் அதையே தனியாகக் கண்டு வெளியிட்டார். ஒல்லாந்தர் 1658இலிருந்து 1795 வரை நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். அப்போது இந்தக் கணக்கு அவர்கள் கையில் இருக்கவில்லை. நெடுந்தீவுக் கிணறுகளை வெட்டியவர்கள் கணக்கு இல்லாமலே சரியான இடத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

● நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்குப் பேர்போன இடம் சாறாப்பிட்டி. கடற்கரைக்கு அருகே மணல் திட்டில் அமைந்த கிணறுகள் அவை. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் நீர் இனிக்கிறதே என்று வருபவர்கள் ஆச்சரியப்படுவார்கள். மணல் மழையை ஓடவிடாமல் அப்படியே குடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வழிகாட்டி உங்களை அந்தப் பக்கம் சுற்றிக் கூட்டிப் போனால் முணுமுணுக்காதீர்கள்.

● நெடுந்தீவுக் கட்டைக்குதிரைகள் காட்டுக்குதிரைகள் அல்ல. வீட்டுக்குதிரைகளாக வந்து காட்டுக்குப் போனவை. போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் தொடர்ந்து வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானியப் படை அதிகாரி இங்கே இருந்து குதிரைப் பண்ணையைக் கவனித்தார். முருகைக்கல் தூண்கள் வரிசையாக நிற்கும் லாயத்தின் இடிபாட்டை இன்றும் பார்க்கலாம். பண்ணை போனது, வாங்க ஆள் இல்லை, குதிரைகள் மட்டும் மிஞ்சின. யாரும் சேணம் போடாமல், யாரும் தீனி வைக்காமல் பல தலைமுறை கடந்து இருக்கின்றன.

● குதிரை நின்றபடி உறங்கும். காலின் மூட்டுகளைப் பூட்டிவைக்கும் தசைநாண் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் கனவு காணும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். எல்லாமே ஒரே நேரத்தில் படுப்பதில்லை, ஒன்றாவது நின்று காவல் பார்க்கும். நிலவு வெளிச்சத்தில் வெளியில் ஒரு கூட்டம் தெரிந்தால் டோர்ச் அடிக்காமல் எட்டவே நில்லுங்கள். குட்டியோடு நிற்கும் தாய்க்குதிரையை நெருங்கினால் உதை நிச்சயம். பிஸ்கற் கொடுத்துப் பழக்குவதும் வேண்டாம்.

● இந்தக் குதிரைகளுக்கு வரும் உண்மையான ஆபத்து தாகம். ஆவணிக்குள் குளங்களும் கேணிகளும் வற்றினால், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து நிற்கும் குதிரைகளைக் காணலாம். வறண்ட ஆண்டுகளில் பல செத்தும் இருக்கின்றன. தொட்டிகளில் நீர் நிரப்பிவைக்கும் ஊர்க்காரர்கள் உண்டு. மனிதருக்கே தட்டுப்பாடான நேரத்திலும் அதைச் செய்கிறார்கள்.

● 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,846 ஹெக்டேயர். சுண்டிக்குளம், மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியவையும் அதே ஆண்டில்தான் பூங்காக்கள் ஆயின. இலங்கையின் தேசியப் பூங்காக்களில் பொதுவாகக் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் பார்வையாளருக்கு அனுமதி. ஆகவே இரவு நடை ஊர்ப் பக்கத்திலும் கரையிலும்தான். பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

● பெருக்கமரம் ஆபிரிக்காவின் மரம். அரபு வணிகர்களோடு வந்தது என்பது பரம்பரைக் கதை. மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கின்றன. நெடுந்தீவு மரத்தின் அடியில் உள்ள பொந்துக்குள் ஆட்கள் புகுந்து நிற்கலாம். பகலில் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மரத்தின் நல்ல நேரம் இரவு. அதன் பெரிய வெள்ளைப் பூக்கள் பொழுதுபட்ட பிறகு விரிகின்றன. மணம் நமக்கு அவ்வளவு பிடிக்காது, வௌவாலுக்குப் பிடிக்கும். தேன் குடிக்க வரும் வௌவாலின் உடம்பில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாளே பூ வாடி உதிர்ந்துவிடும். கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, பஞ்சுபோன்ற தண்டில் சேர்த்துவைத்த நீரோடு மரம் காலம் தள்ளுகிறது. குதிரைகளுக்கு அந்த வசதி இல்லை.

● ஒல்லாந்தர் நெடுந்தீவில் புறாக்கூடும் கட்டினார்கள். செய்தி கொண்டுபோகும் புறாக்களுக்கான மாடங்கள் நிறைந்த கல் கூடு. வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. தொலைபேசிச் சமிக்ஞை வந்து வந்து போகும் இடங்களில் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

● வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்லும் இடத்தில், தொல்லியல் ஆய்வாளர்கள் காண்பது பழைய பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள். ஊர்க்கதையில் வெடியரசன் நெடுந்தீவை ஆண்ட அரசன். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிவந்த மீகாமனோடு கடலில் போரிட்டவன். ஈழத்துக் கண்ணகி வழக்குரையில் இந்தக் கடற்போர் விரிவாக வருகிறது. கதை சொல்ல நல்ல ஆள் கிடைத்தால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள், விடியும்வரை போகும்.

● இரவுச் சாப்பாடு ஒடியற்கூழாக அமைந்தால் அதிர்ஷ்டம். பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, மேல்நீரை வடித்துவிட்ட பின்தான் சமைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். பிறகு மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, செத்தல் மிளகாய், புளி எல்லாம் ஒரே பானைக்குள் போகும். கோப்பையில் குடிப்பதைவிடப் பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் குடிப்பதற்குத்தான் ருசி. இதை நான் வாதத்துக்கு விடமாட்டேன்.

● பனை ஆழமாக வேர் விடும், உப்புக்காற்றைத் தாங்கும், வருடக்கணக்கில் வறட்சியைப் பொறுக்கும். தீவுகளின் காடு என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்லவேண்டும். காற்று மெலிந்த இரவில்கூடக் காய்ந்த ஓலை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். புதிதாக வருபவர் ஆள் நடமாட்டம் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்.

● மழைக்காட்டு நடையில் அட்டைக்கடி. இங்கே அட்டை இல்லை. பதிலாக நெருஞ்சி முள், கருக்கு மட்டை, கூர்க்கல். செருப்போடு இரவில் நடப்பது சரிவராது, மூடிய சப்பாத்து வேண்டும்.

● பாம்பு பற்றிப் பயமுறுத்தாமல் சொல்வதானால் இரண்டு செய்திகள். வடக்கின் வறண்ட மணற்பாங்கான இடங்களில் சுருட்டை விரியன் உண்டு. சின்னதாக இருப்பதால் கண்ணில் படாது, ரம்பப் பல்போன்ற செதில்களை உரசி ஓசை எழுப்பும். கட்டுவிரியன் இரவில் திரிவது, தரையில் படுத்துத் தூங்குபவர்களையே அதிகம் கடிக்கிறது. வலி குறைவாக இருப்பதால் கடிபட்டதே சிலருக்குத் தெரியாமல் போகும். ஆகவே வெறும் பாயில் படுக்காமல் கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையை மெத்தையின் கீழ் செருகிவையுங்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவே கடல் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்தால் நடக்கும்போது தன்னாலே கண் தரையில் நிற்கும்.

● நெடுந்தீவு வடக்கு அகலாங்கு சுமார் ஒன்பதரைப் பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுவே நீங்கள் நிற்கும் அகலாங்கு. கையை முழுதாக நீட்டி முட்டியைப் பிடித்தால், முட்டியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. வடக்கே அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி வைத்துப் பாருங்கள், துருவ நட்சத்திரம் அங்கே இருக்கும். சித்திரை, வைகாசி முன்னிரவில் தெற்கே திரும்பினால் தென்சிலுவையும் தெரியும். இரண்டையும் ஒரே இரவில் பார்க்கும் வசதி ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தாருக்குக் கிடையாது.

● தீவுக்குத் தேசிய மின்வலையமைப்பின் இணைப்பு இல்லை. டீசல் மின்பிறப்பாக்கியே ஓடிவந்திருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று ஆகியவற்றைச் சேர்த்த கலப்பு மின்திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. வெளிச்சம் கூடினால் நட்சத்திரம் குறையும். தீவுக்காரர் அதற்காக வருத்தப்பட மாட்டார்கள், நாமும் வருத்தப்படத் தேவையில்லை.

● மேற்குக் கடலில் இரவில் வரிசையாகத் தெரியும் வெளிச்சங்களில் இழுவைப் படகுகளின் வெளிச்சமும் இருக்கலாம். கடலடியை வாரி எடுக்கும் அந்த முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. தமிழக மீனவருக்கும் வடக்கு மீனவருக்கும் இடையில் இன்றும் தீராத விவகாரம். வழிகாட்டி மீன்பிடிப்பவராக இருந்தால் இந்தப் பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள், நடை நின்றுபோகும்.

● கடலுக்குள்ளும் புல்வெளி உண்டு. அலை ஒதுக்கிக் கரையில் குவிப்பதைச் சாதாழை என்பார்கள். முன்பு வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டார்கள். இந்தக் கடற்புல்லை மேய்ந்து வாழ்வது கடற்பசு. அதற்காகவே தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் காப்பகமாக அறிவித்தது. நீரிணையின் அந்தப் பக்கத்தில் காப்பகம் இருப்பது கடற்பசுவுக்குத் தெரியாது, இந்தப் பக்கமும் வரும்.

● உண்மையான கடலோரக் காட்டைப் பார்க்கவேண்டுமென்றால் மண்டைதீவு, வேலணைப் பக்கத்துக் களப்போரக் கண்டல்களுக்குள் போகவேண்டும். கண்டலின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுகிறது. நீண்டு கூராகத் தொங்கி, விழும்போது சேற்றில் குத்தி நிற்கும். தண்ணீரில் விழுந்தால் மிதந்துபோய் வேறிடத்தில் ஊன்றும். கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே ஆணிகளாக நீட்டிக்கொண்டிருக்கும், வெறுங்காலோடு போனால் தெரியும். அதன் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. தில்லை மரத்தை மட்டும் ஒடிக்கவேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. தன் கண்டல் காடுகள் முழுவதையும் காப்பதாக அறிவித்த முதல் நாடு இலங்கை, ஆண்டு 2015. அறிவிப்புக்குப் பிறகும் குப்பை கொட்டும் இடமாகக் கண்டலைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

● சாயவேர் என்று ஒரு சிறு செடி. அதன் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தார்கள். தென்னிந்தியத் துணிகளின் நிலைத்த சிவப்புக்கு அது வேண்டியிருந்தது. தீவுகளின் மணலில் விளைந்த வேரைத் தோண்டிக் கொடுப்பது ஒல்லாந்தர் காலத்தில் வருமானமாகவும் கட்டாய வேலையாகவும் இருந்தது. செயற்கைச் சாயம் வந்தபின் யாரும் தோண்டுவதில்லை. செடி இப்போது கால் பட்டு மிதிபடும்.

● நயினாதீவில் பராக்கிரமபாகு மன்னன் பொறித்த 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிங்கள மன்னன், கல்வெட்டு தமிழில். ஊராத்துறையில் பரதேசி வணிகர் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. அதன் பின்பகுதி இன்னும் சுவையானது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உரியவருக்கு. மற்றப் பண்டங்கள் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி பாதி. யானை, குதிரை கொண்டுவருகிறவருக்கு மன்னன் ஏன் சலுகை காட்டினான்? படைக்கு வேண்டியவை அவை. நட்டமடைந்த வணிகன் மறுமுறை வராமல் போய்விடக் கூடாது என்ற கவலை அந்த முக்காற்பங்கில் தெரிகிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை.

● ஐரோப்பியர் காலத்தில் அதே துறையிலிருந்து யானைகள் கப்பலேறின. வன்னியில் பிடித்த யானைகளை நடத்தி வந்து, களப்பைக் கடத்தித் துறையில் ஏற்றுவார்கள்.

● ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீருக்குள் நிற்கிறது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் சுமார் இரண்டு வாரம் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். கோட்டையைத் தோற்கடித்தது பீரங்கியைவிடத் தாகம்தான், உள்ளே குடிதண்ணீர் தீர்ந்துபோயிற்று. பிறகு சிறையாக இருந்தது, இப்போது கடற்படை நடத்தும் தங்குவிடுதி. சுற்றிலும் கடல் பார்த்தபடி தூங்கக் காசு கொடுக்கிறார்கள்.

● நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலின் அன்னதான மடத்துக்குப் பெயர் அமுதசுரபி. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பௌத்தர் இந்தத் தீவில் நடந்ததாகக் கருதும் மகாவம்சக் கதையில் மணி ஆசனத்துக்காகச் சண்டையிட்ட நாக அரசர் இருவரைப் புத்தர் வந்து சமாதானம் செய்கிறார். நாகவிகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகரும் அம்மனைக் கும்பிட வரும் தமிழரும் ஒரே லோஞ்சில் இடிபட்டு நிற்பார்கள். பறுவத்தன்று அந்த இடிபாடு அதிகம், நடை போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம். ஆனித் திருவிழா நாட்களும் அப்படித்தான்.

● ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இரவு தங்கக்கூடிய தீவு கச்சதீவு. நிர்வாகத்தில் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. பரப்பு 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லை. மாசி, பங்குனியில் அந்தோனியார் திருவிழாவுக்கு இருநாட்டு யாத்திரிகரும் வருவார்கள். முதல்நாள் மாலை சிலுவைப்பாதை, மறுநாள் காலை திருப்பலி, பிறகு எல்லோரும் படகேற வேண்டும். உறவினர் சிலர் வருடத்தில் சந்தித்துக்கொள்வது அந்த ஒரு இரவில்தான்.

● கடலோரக் காட்டுக்குள் வழிகாட்டியோடு பல இரவு தங்கி நடக்கும் பயணம் யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதல்ல. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நடக்கிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தைமலை முருகன் கோவிலை அடைந்ததும் அங்கே தங்கவேண்டும். வனசீவராசிகள் திணைக்களம் காட்டுவழியைத் திறந்துவிடும் நாளுக்குக் காத்திருப்பார்கள். பிறகு குமண, யால வனங்களுக்குள் சில நாட்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கும் இடங்கள். யானை, கரடி, சிறுத்தை எல்லாம் இருக்கும் காடு. கூடாரமும் இல்லை, உயர்தரச் சப்பாத்தும் இல்லை. ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து, கிடைத்த சுள்ளியில் சமைத்து, ‘அரோகரா’ சொல்லிப் போகிறார்கள். வேல் ஏந்தி முன்னே நடப்பவர்தான் வழிகாட்டி. போர்க்காலத்தில் முழுவழியும் நடக்க முடியாமல் போன ஆண்டுகள் உண்டு, பின்னர் மீண்டது. வெளிநாட்டு மலையேற்றக்காரர் காசு கட்டித் தேடும் அனுபவம், இங்கே நேர்த்திக்கடன் என்ற பெயரில் நூற்றாண்டுகளாக நடக்கிறது.

● தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தவர். தந்தைவழி நெடுந்தீவு. உலகம் முழுவதும் சுற்றிய மனிதருக்குப் பூர்வீகம் லோஞ்ச் ஓடினால்தான் போகமுடியும் என்ற ஊர்.

● நல்ல வழிகாட்டியை எப்படி அறிவது? பெருக்கமரத்தின் வயது கேளுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் என்று உடனே எண் சொல்பவர் உல்லாசப் பயணிகளுக்குப் பழகியவர். ‘என்ர பேரனும் உதை இப்பிடித்தான் கண்டவராம்’ என்பவரோடு போங்கள். அடுத்ததாக எந்தக் கிணற்றில் குடிக்கலாம் என்று கேளுங்கள். மாதத்தையும் சேர்த்துச் சொல்வார்.

● திரும்பும்போது வேறு வழி வேண்டுமென்றால் குறிகட்டுவானில் இறங்கி ஊர்காவற்றுறைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து காரைநகருக்குக் களப்பைக் கடக்கும் மிதவைக்கு உள்ளூரில் பாதை என்று பெயர். சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக ஏறும். மார்கழி முதல் பங்குனி வரை களப்புப் பக்கங்களில் பூநாரைக் கூட்டம் இறங்குவதுண்டு. பாதை அக்கரை சேர அதிக நேரம் எடுக்காது, கமராவைக் கையிலேயே வைத்திருங்கள்.